குடல்நோய்க் கூட்டு மாத்திரைகள்: இந்திய மருந்து வரலாற்றில் ஒரு பக்கம்

முன்னுரை

இந்திய மருத்துவ வரலாற்றை எழுதப் புகுந்தோர் வாந்திபேதி, பிளேக், பெரியம்மை ஆகிய கொள்ளை நோய்களுக்கே பெரிதும் இடம் ஒதுக்கியுள்ளனர். அன்றாட வயிற்றுப்போக்கிற்கு மக்கள் விழுங்கும் மாத்திரைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது அத்துணைக் கவனம் பெறவில்லை. தமிழகம் சென்று திரும்பும் மலேசியக் குடும்பத்தாரின் பயணப் பைகளில், முறுக்குப் பொட்டலங்களுக்கும் அப்பளக் கட்டுகளுக்கும் இடையே, வெள்ளித்தாள் மாத்திரைப் பட்டை ஒன்று செருகப்பட்டிருப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். வயிறு சரியில்லையென்றால் ஒன்று போட்டுக்கொள்ளச் சொல்லி அங்குள்ள உறவினர் கொடுத்தனுப்பியதாக அது இருக்கும். பட்டையின் பின்புறத்தில் நார்ஃபிளாக்ஸசின் 400 மில்லிகிராம், டினிடசோல் 600 மில்லிகிராம் எனப் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். முன்னது பாக்டீரியாவைக் கொல்வது. பின்னது அமீபா, கியார்டியா போன்ற ஒரணு உயிரிகளையும் உயிர்வளியின்றி வாழும் சில பாக்டீரியாக்களையும் கொல்வது.

இவ்விரு மருந்துகளும் ஒரே மாத்திரைக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தன, அச்சேர்க்கை யாருடைய தேவையை நிறைவு செய்தது, அதன் பாதுகாப்பைப் பற்றி ஒவ்வொரு காலத்திலும் என்ன நம்பப்பட்டது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முனைகிறது. நாம் மருத்துவத் துறையினர் அல்லோம். மருந்து விதிப்பது எமது நோக்கமும் அன்று. எனினும், வரலாற்றுச் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்க்குங்கால் ஒன்று தெளிவாகிறது. குடல்நோய்க்கான மருந்துகள் உட்கொள்ள எளியனவாக மாற மாற, நோய் இன்னதென்று அறியும் முயற்சி தளர்ந்து வந்துள்ளது. கூட்டு மாத்திரை அத்தளர்ச்சியின் உச்சம் எனலாம்.

கல்கத்தாவின் நுண்ணோக்கி

சீதபேதி என ஒரே பெயரால் வழங்கப்பட்டது உண்மையில் இரு வேறு நோய்கள் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெளிவாயிற்று. ஜப்பானிய அறிஞர் கியோஷி ஷிகா 1897இல் கண்டறிந்த பாக்டீரியா ஒரு வகைக்குக் காரணம். அமீபா மற்றொரு வகைக்குக் காரணம். 1912இல் கல்கத்தாவில் பணியாற்றிய லியோனார்ட் ரோஜர்ஸ், இபிக்காக் வேரிலிருந்து பிரித்தெடுத்த எமிட்டினை ஊசிவழிச் செலுத்தி அமீபா வகையைக் குணப்படுத்தலாம் என நிறுவினார். ஷிகாவின் பாக்டீரியாவிடம் எமிட்டின் பலிக்காது. அன்றியும் அது இதயத்தைத் தாக்கும் கடுமையான நஞ்சு. ஆகவே, ஊசியை எடுக்குமுன் நோயாளியின் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டிய கட்டாயம் மருத்துவருக்கு ஏற்பட்டது. மருந்தின் கொடுமையே நோயறிதலுக்குக் காவலாக நின்றது என்பது இங்குக் கருதத்தக்கது.

1921இல் திறக்கப்பட்ட கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம் நாத் சோப்ரா, சீதபேதிக்கு நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த குடசப்பாலைப் பட்டையை வேதியியல் முறையில் ஆராய்ந்தார். எமிட்டினைக் காட்டிலும் மென்மையான ஒன்றைத் தேடிய முயற்சி அது. இதே சோப்ராவின் தலைமையில்தான் 1930-31இல் மருந்து விசாரணைக் குழு அமைந்தது. கலப்படமும் தரக்குறைவும் மலிந்திருந்த மருந்துச் சந்தையை அக்குழு ஆராய்ந்ததன் பயனாகவே 1940இன் மருந்துச் சட்டம் பிறந்தது. பிற்காலத்தில் கூட்டு மாத்திரைகள் மீது நடந்த வழக்குகள் அனைத்தும் இச்சட்டத்தின் வழியே நடந்தவை ஆகும்.

பச்சை நாக்கு

எமிட்டினின் கடுமைக்கு மாற்றாக வந்தவற்றுள் மிகப் பரவலானது கிளியோகுவினால். முன்னர்க் காயத்தில் தூவும் பொடியாக இருந்த இதனை, சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1934இல் எண்டிரோ-வயோஃபார்ம் என்னும் பெயரில் உட்கொள்ளும் மருந்தாக வெளியிட்டது. இம்மருந்து குடலிலேயே தங்கி வேலை செய்யும், குருதியில் கலவாது, ஆகையால் தீங்கற்றது என்பதே அதன் பாதுகாப்புக்குச் சொல்லப்பட்ட காரணம். அடுத்த ஆண்டே அர்ஜென்டினாவிலிருந்து நரம்புப் பாதிப்பு பற்றிய குறிப்புகள் வெளியாகியும் அந்நம்பிக்கை அசையவில்லை.

பின்னர் அதே நிறுவனம் மெக்சாஃபார்ம் என்னும் கூட்டு மாத்திரையையும் விற்றது. கிளியோகுவினாலுடன் அமீபாவைக் கொல்லும் ஃபான்குவோன் என்ற மருந்தும், குடல் முறுக்கத்தைத் தணிக்கும் ஆக்ஸிஃபெனோனியம் என்ற மருந்தும் அதில் சேர்ந்திருந்தன. காரணம் எதுவாயினும் ஒன்றில்லாவிட்டால் மற்றொன்று வேலை செய்யும் என்ற கருத்து அம்மாத்திரையிலேயே முழு உருப்பெற்றுவிட்டது. இந்தியாவிலும் இவ்விரு பெயர்களும் வீட்டுப் பெயர்களாயின. பயணத்திற்குப் புறப்படுவோர் முன்னெச்சரிக்கையாகவே இவற்றை விழுங்கும் பழக்கம் உலகெங்கும் பரவியது.

ஜப்பானில் 1955 முதல் ஒரு புதுமையான நோய் தோன்றிப் பெருகியது. வயிற்றுக் கோளாற்றுக்குப் பின் பாதங்களில் மரமரப்புத் தொடங்கி மேலேறும்; கால்கள் செயலிழக்கும்; சிலருக்குப் பார்வை போகும். ஸ்மான் என்னும் சுருக்கப் பெயரால் வழங்கப்பட்ட இந்நோய்க்கு ஆளானோர் 10,000க்கும் மேற்பட்டோர். ஒரு புது வைரசே காரணம் எனப் பலர் நம்பினர்; நோயாளிகளை அண்டை அயலார் தீண்டத் தகாதவராய் ஒதுக்கிய கொடுமையும் நிகழ்ந்தது. உண்மையை வெளிப்படுத்தியது ஒரு நிறம். சில நோயாளிகளின் நாக்கிலும் சிறுநீரிலும் மலத்திலும் பச்சை நிறம் படிந்திருந்தது. தோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நிறப் பொருளைப் பகுத்தாய்ந்தபோது, அது கிளியோகுவினாலும் இரும்பும் இணைந்து உண்டான சேர்மம் என்று கண்டனர். குருதியில் கலவாது எனப்பட்ட மருந்து சிறுநீரில் கிடந்தது! நீகாத்தா பல்கலைக்கழகத்தின் ததாவோ சுபாக்கி, நோயாளிகள் உட்கொண்ட மருந்தின் கணக்கை நோயின் கணக்கோடு ஒப்பிட்டு ஐயத்தை உறுதிப்படுத்தினார். 1970 செப்டம்பரில் ஜப்பானிய அரசு விற்பனையை நிறுத்தியது. புதிய நோயாளிகளின் எண்ணிக்கை விரைவில் சரிந்தது. எந்த வயிற்றுக் கோளாற்றுக்காக மருந்து தரப்பட்டதோ அதே கோளாற்றை அம்மருந்தும் உண்டாக்க வல்லது. ஆகவே வலி மிகுந்தபோது மருந்தின் அளவும் கூட்டப்பட்டது என்பதை இதில் மிகக் கசப்பான செய்தியாகக் கருதுகிறோம்.

இந்தியாவிலும் இம்மருந்து தாராளமாக விற்கப்பட்டதால் அங்கும் இந்நோய் இருக்குமோ என்ற வினா எழுந்தது. பம்பாயின் நரம்பியல் அறிஞர் நோஷீர் வாடியா எழுபதுகளில் இதனை ஆராய்ந்தார். நோயாளிகள் மிகச் சிலரே தென்பட்டனர். ஜப்பானில் மருந்து மிகுந்த அளவிலும் நெடுநாளும் தரப்பட்டது இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. இவ்வகை மருந்துகளைப் பிறவற்றோடு கலந்து உள்ளுக்குக் கொடுப்பதை 1983இல் இந்திய அரசு தடை செய்தது. தனி மருந்தாக அது மேலும் பல்லாண்டு நீடித்தது.

இரண்டு மருந்து, ஒரு மாத்திரை

இதற்கிடையில் நுண்ணுயிர் எதிர்ப்பிகள், அதாவது ஆண்டிபயாட்டிக் மருந்துகள், குடல்நோய்ச் சந்தையைக் கைப்பற்றின. குளோரம்பினிக்காலும் ஸ்டிரெப்டோமைசினும் சேர்ந்த கூட்டு இந்தியாவில் வயிற்றுப்போக்கிற்கு நெடுங்காலம் விற்கப்பட்டது. குடற்காய்ச்சலுக்கு, அதாவது டைஃபாய்டுக்கு, அன்று உயிர்காத்த மருந்து குளோரம்பினிக்கால் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். அத்தகைய மருந்தைச் சாதாரணக் கழிச்சலுக்குச் செலவழித்த காலத்திலேயே, 1972இல், கேரளத்தின் கோழிக்கோட்டில் அம்மருந்துக்கு அடங்காத டைஃபாய்டு தோன்றியது. எதிர்ப்புத் திறனை ஒரு பாக்டீரியா மற்றொன்றுக்குக் கைமாற்றித் தரவல்லது என்பதும் அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. கூட்டு மாத்திரையே இதற்குக் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்லச் சான்று இல்லை. மருந்து வீணாகும் சூழலில் அது பங்கு கொண்டது என்ற அளவோடு நிறுத்துவதே முறை.

ஷிகெல்லா சீதபேதியின் கதை இதைவிடத் தெளிவானது. 1984இல் மேற்கு வங்கத்தைத் தாக்கிய பெருநோயில் அம்ப்பிசிலின், டெட்ராசைக்கிளின் முதலிய மருந்துகள் பயனற்றுப் போயின. நாலிடிக்சிக் அமிலம் கைகொடுத்தது. 1962இல் அறிமுகமான அம்மருந்து, குளோரோகுவின் தயாரிப்பின் துணைப்பொருள் ஒன்றிலிருந்து தற்செயலாகக் கிடைத்தது. எண்பதுகளின் இறுதிக்குள் அதற்கும் ஷிகெல்லா எதிர்ப்புக் காட்டத் தொடங்கியது. அதன் வழித்தோன்றல்களான நார்ஃபிளாக்ஸசினும் சிப்ரோஃபிளாக்ஸசினும் அவ்விடத்தை நிரப்பின. 2002-03இல் வங்கத்தில் மீண்டும் சீதபேதி எழுந்தபோது அவையும் தோற்றன. ஒரு மாநிலத்தின் மருந்துப் பேழை இருபது ஆண்டுகளுக்குள் இருமுறை காலியாயிற்று எனலாம்.

நார்ஃபிளாக்ஸசின்-டினிடசோல், ஆஃப்ளாக்ஸசின்-ஆர்னிடசோல் முதலிய கூட்டுகள் இந்தியச் சந்தையில் வேரூன்றியதும் இக்காலப் பகுதியிலேதான். மருந்தின் பெயரை அறியாதவரும் பெயரின் பின்னுள்ள 'டி.இசட்.' என்னும் ஈரெழுத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குமளவு அது பழகிப்போயிற்று. இக்கூட்டுகளை ஆதரிப்போரின் வாதத்தை நாம் ஒதுக்கிவிட இயலாது. ஆய்வுக்கூடம் இல்லாத சிற்றூரில், நாட்கூலி இழந்து வந்து நிற்கும் நோயாளியிடம் மலப் பரிசோதனை செய்து நாளை வருக எனச் சொல்லும் மருத்துவர் எவர்? பாக்டீரியாவோ அமீபாவோ, எதுவாயினும் ஒரே மாத்திரையில் முடிந்தால் நன்று என்பது அவருடைய இக்கட்டிலிருந்து எழும் நியாயமே. மறுபக்கத்தில், பெரும்பாலான கழிச்சலுக்கு இரண்டுமே காரணம் அல்ல. குழந்தைகளிடத்தில் வைரசே பெரும்பங்கு வகிக்கிறது. வைரசின்மேல் இம்மாத்திரையின் எப்பாதியும் செல்லுபடி ஆகாது. அமீபா கண்ணில் பட்டாலும் வினா முடிவதில்லை. நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தோன்றும் அமீபாக்களுள் தீங்கற்ற இனம் ஒன்று தனியே உண்டு என்பது 1993இல் உறுதியாயிற்று. எனவே அமீபா நோய் எனப் பெயரிடப்பட்டு மருந்துண்டவர் பலர் நோயாளிகளே அல்லர்.

கூட்டின் உள்ளமைப்பிலேயே ஓர் இசைவின்மை இருப்பதையும் மருந்தியலார் சுட்டுவர். டினிடசோல் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 12 முதல் 14 மணி நேரம் பிடிக்கிறது. நார்ஃபிளாக்ஸசினுக்கு மூன்று நான்கு மணி நேரமே போதும். டினிடசோலை நாளொன்றுக்கு ஒரு வேளை, கியார்டியாவிற்கெனின் 2 கிராமை ஒரே தடவை கொடுத்தால் போதுமானது. நார்ஃபிளாக்ஸசினை இரு வேளை தரவேண்டும். இரண்டையும் ஒரு வில்லையில் அடைத்தபின் ஒன்றின் அளவை மாற்றாமல் மற்றொன்றை மாற்ற வழியில்லை. தோலில் தடிப்பு ஏற்பட்டால் எதனால் ஏற்பட்டது என்று சொல்வதும் கடினம். இத்தகைய தடிப்புகள் இந்திய மருத்துவ இதழ்களில் அடிக்கடி பதிவாகியுள்ளன.

நார்ஃபிளாக்ஸசின் சார்ந்த வகை மருந்துகளின் மீதான எச்சரிக்கையும் காலந்தோறும் கூடி வந்துள்ளது. அமெரிக்காவில் 1986இல் நார்ஃபிளாக்ஸசின் ஏற்கப்பட்டபோது அது மென்மையான மருந்தாகவே மதிக்கப்பட்டது. தசைநாண் அறுபடும் அபாயம் குறித்து 2008இல் அந்நாட்டில் கட்டமிட்ட எச்சரிக்கை கட்டாயமாக்கப்பட்டது. வேறு வழியிருக்கும் எளிய தொற்றுகளுக்கு இவ்வகையைத் தவிர்க்குமாறு 2016இல் அறிவுறுத்தப்பட்டது. 2018இல் குருதிச் சர்க்கரை திடீரெனத் தாழ்வது பற்றியும் பெருந்தமனி கிழிவது பற்றியும் எச்சரிக்கைகள் சேர்ந்தன. நீரிழிவு மாத்திரை உண்ணும் எமது தலைமுறைப் பெற்றோர்க்கு முதற்செய்தி சிறப்பாக உரியது. பாலோடும் அமிலம் தணிக்கும் மருந்தோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் உண்டால் நார்ஃபிளாக்ஸசின் குடலில் போதிய அளவு ஏறாது. வயிற்றெரிச்சலுக்கென இரண்டையும் சேர்த்து விழுங்குவோர் பலர். டினிடசோல் வகையோ குருதி உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் வேகத்தைக் கூட்டிக் குருதிக் கசிவுக்கு இடந்தரும். அதனை உண்ணும் நாள்களிலும் அதன்பின் மூன்று நாள்களும் மதுவை விலக்குமாறு குறிப்புத்தாள்கள் கூறும். கருவுற்ற மகளிரும் சிறாரும் மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாத மாத்திரை இது.

அரசாணையும் நீதிமன்றமும்

1940இன் சட்டத்தில் 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி 26ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. தீங்கு தரும் அல்லது பயன் நிறுவப்படாத மருந்தை மைய அரசு தடை செய்யலாம் என்பது அதன் சாரம். கிளியோகுவினால் கூட்டுகளைத் தடுத்த 1983 அறிவிப்பு அதன் முதற்கனிகளுள் ஒன்று. குளோரம்பினிக்கால்-ஸ்டிரெப்டோமைசின் கூட்டும் நீண்ட இழுபறிக்குப் பின் தடைப்பட்டியலில் சேர்ந்தது.

ஆயினும் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. புதிய மருந்துக்கு ஒப்புதல் தருவது மைய அரசு. தயாரிப்பு உரிமம் தருவது மாநில அரசு. இரு பழைய மருந்துகளைச் சேர்த்துப் புதிய மாத்திரை செய்தால் அதுவும் புதிய மருந்தே என்பது விதி. நடைமுறையிலோ பல கூட்டுகள் மைய ஒப்புதலின்றி மாநில உரிமத்தோடு மட்டும் சந்தைக்கு வந்தன. 2012 மே மாதம் வெளியான நாடாளுமன்ற நிலைக்குழுவின் 59ஆம் அறிக்கை இதனைக் கடுமையாகச் சாடியது. அதனைத் தொடர்ந்து பயனையும் பாதுகாப்பையும் நிறுவுமாறு நிறுவனங்களுக்கு ஆணை சென்றது. சுமார் 6000 விண்ணப்பங்கள் குவிந்தன. கோகட்டே தலைமையிலான குழு அவற்றைப் பகுத்தது. 2016 மார்ச் 10 அன்று 344 கூட்டு மருந்துகள் ஒரே நாளில் தடை செய்யப்பட்டன. குடல்நோய்க்கான நுண்ணுயிர் எதிர்ப்பிக் கூட்டுகள் சிலவும் அவற்றுள் அடங்கும். நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. அவ்வாண்டு டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றம் மறு ஆய்வுக்கு அனுப்ப, 2018 செப்டம்பரில் 328 கூட்டுகள் மீண்டும் தடைக்குள்ளாயின. 2023இல் 14, 2024 ஆகஸ்டில் 156 எனப் பட்டியல் நீண்டுள்ளது.

இவ்வாணைகள் எல்லாம் வெளிவந்த பின்னும் பயணப் பையில் நாம் கண்ட பட்டைக்கு ஒத்த பல கூட்டுகள் விற்பனையில் தொடர்ந்தன. பரிந்துரைச் சீட்டு வேண்டும் என்பது இந்தியாவிலும் சட்டமே. கடை முகப்பில் அது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் இம்மருந்துகள் கட்டுப்படுத்தப்படும் மலேசியாவில், அதே மாத்திரை உறவினர் அன்பின் வடிவில் எல்லை கடந்து வந்து சேர்கிறது. உலகச் சுகாதார நிறுவனமோ 2019 முதல், பயன்படுத்தத் தகாதன என்று நுண்ணுயிர் எதிர்ப்பிக் கூட்டுகளின் தனிப்பட்டியலையே வெளியிட்டு வருகிறது.

பன்காவின் பீப்பாய்கள்

கூட்டு மாத்திரைகளின் வரலாற்றை எழுதும்போது, அதே காலத்தில் அதே நாட்டில் நடந்த மற்றொன்றைச் சொல்லாது விடுதல் பொருந்தாது. 1971இல் வங்கதேசப் போரில் தப்பி வந்த ஏதிலிகள் எல்லையோரப் பன்காவ் நகரில் இலட்சக்கணக்கில் தங்கியிருந்தபோது வாந்திபேதி பரவியது. குருதிநாளம் வழி ஏற்றும் நீர்மம் தீர்ந்துபோயிற்று. அங்குப் பணியாற்றிய கல்கத்தா மருத்துவர் திலீப் மகாலனாபிஸ், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் கலந்து பீப்பாய்களில் நிரப்பினார். பீப்பாயின் குழாயைத் திறந்து உறவினர்களே நோயாளிக்குப் புகட்டினர். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. இதற்கு முன்னரே, 1953இல், கல்கத்தாவின் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி இம்முறையைக் கையாண்டு எழுதியிருந்தார். உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

இதனால் நுண்ணுயிர் எதிர்ப்பி வேண்டாம் என்று பொருள் கொள்ளலாகாது. கடும் நீரிழப்புள்ள வாந்திபேதிக்கும், குருதி கலந்த கழிச்சலுக்கும், டைஃபாய்டுக்கும் அது இன்றியமையாதது. குருதிக் கழிச்சலுக்கு முதலில் ஷிகெல்லாவைக் கருதிய மருந்து, அமீபா மருந்து நுண்ணோக்கிச் சான்று கிடைத்தாலோ முன்னைய மருந்துகள் தோற்றாலோ மட்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு முறை. கூட்டு மாத்திரை தலைகீழாக்குவது இவ்வரிசையைத்தான். ஏனைய கழிச்சலுக்கு, 2004 முதல் அந்நிறுவனமும் யுனிசெஃபும் கூட்டாகப் பரிந்துரைப்பவை உப்பும் சர்க்கரையும் குறைக்கப்பட்ட கரைசலும், குழந்தைகளுக்குப் பத்து முதல் பதினான்கு நாள் துத்தநாக மாத்திரையும் ஆகும்.

மகாலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். அடுத்த ஆண்டு இந்திய அரசு பத்ம விபூஷண் விருதை அவர் மறைவுக்குப் பின் வழங்கியது. அவருடைய கரைசலின் பொட்டலமும் இந்திய மருந்தகங்களில் கிடைக்கிறது, பெரும்பாலும் அந்த வெள்ளித்தாள் பட்டை இருக்கும் அதே அலமாரியில். ஊருக்குச் செல்லும் நம்மவர் பைகளில் அப்பொட்டலத்தை மட்டும் நாம் இதுவரை ஒருமுறையும் கண்டதில்லை.